மல்லாட்டைக் கணக்கு

மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் ‘கொய்யா’வைக் ‘கெய்யா’ என்று படித்தான். திருத்தினேன். மறுபடியும் கெய்யாதான். கோபித்துப் பயனில்லை. ஒற்றைக் கொம்பு முன்னால் நிற்கிறது, கால் பின்னால் நிற்கிறது, நடுவில் எழுத்து. கொம்பைப் பார்த்ததுமே ‘கெ’ என்று முடிவுகட்டிவிடுகிறான். கண் காலுக்கு வருவதற்குள் வாய் சொல்லி முடித்துவிடுகிறது. ஒரு காலை மட்டும் அட்டையில் வெட்டி, ‘கெ’ பக்கத்தில் வைப்பதும் எடுப்பதுமாக விளையாட்டுக் காட்டினேன். கால் வந்தால் வாயைக் குவிக்கணும், அவ்வளவுதான். மூன்றாம் நாள் கொய்யா பழுத்தது.

திருவண்ணாமலைப் பக்கம் ஒரு கிராமத்து ஈராசிரியர் பள்ளி எங்களுடையது. ஐந்து வகுப்புக்கு நாங்கள் இரண்டு பேர். கொரோனாவில் மூடிய பள்ளி திறந்து, அடுத்த கல்வியாண்டு தொடங்கியபோது, முதல் வகுப்பையே கண்ணால் பார்க்காத பிள்ளைகள் மூன்றாம் வகுப்பில் உட்கார்ந்திருந்தார்கள். அந்தச் சமயத்தில்தான், 2022 ஜூனில், ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் வந்தது. அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலை. எந்த வகுப்பு என்பதை விட்டுவிட்டு, என்ன படிக்கத் தெரியும் என்று பார்த்து உட்காரவைக்கச் சொன்னார்கள். எங்களுக்கு இது முற்றிலும் புதிதில்லை. 2007 வாக்கில் மாநிலம் முழுக்க வந்த செயல்வழிக் கற்றலிலும் ஒவ்வொரு பிள்ளையும் தன் வேகத்தில் ஏறும் ஏணிப்படி இருந்தது. நல்ல ஏணிதான், அதன் பாட அட்டைகளை அடுக்கிவைக்கத்தான் தனி ஆள் வேண்டியிருந்தது.

வகுப்பை ஓரளவு சமாளித்தேன். வீட்டு விஷயத்தில்தான் பல வருஷம் தப்பாக நடந்துகொண்டேன். பிள்ளை படிக்காவிட்டால் மட்டும் அம்மாவைக் கூப்பிடுவேன். வந்து தலைகுனிந்து நின்றுவிட்டுப் போவார்கள். கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், மொத்த உறுப்பினரில் பாதிப் பேர் பெண்கள். பகல் மூன்று மணிக்குக் கூட்டம் போட்டால் எப்படி வருவார்கள்? அன்றைய கூலி போய்விடும். அக்கறையில்லாத ஜனம் என்று நான் முணுமுணுத்தது இன்னும் கூச்சமாக இருக்கிறது. 2021இல் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் தன்னார்வலர்கள் சாயங்காலம் தெருவிலேயே பாடம் நடத்தியதைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது. மாதம் ஒருநாள் ஏழு மணிக்கு, பிள்ளையார் கோயில் திண்ணைக்கு நானே போக ஆரம்பித்தேன்.

“எனக்குக் கையெழுத்துகூடத் தெரியாது டீச்சர், நான் என்னாத்த சொல்லிக்குடுக்கிறது?” என்று ஒரு அம்மா கேட்டார். சொல்லிக்கொடுக்க வேண்டாம், பத்து நிமிஷம் பக்கத்தில் உட்கார்ந்து அவன் படிப்பதைக் கேளுங்கள், முடிந்ததும் ‘அப்புறம் என்னாச்சு?’ என்று மட்டும் கேளுங்கள் என்றேன். அடுத்த மாதம் அவரே சொன்னார்: “எழுத்து தெரியாட்டியும் எங்க திணறுறான்னு தெரியுது டீச்சர். அங்க குரல் எறங்கிடுது.” பயிற்சி வகுப்புகளில் எனக்கு யாரும் இப்படிச் சொன்னதில்லை.

கணக்கும் திண்ணைக்கு வந்தது. விதைக்காக மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, உடைக்கிற காலம். அம்மாக்கள் ஆளுக்கொரு முறத்தோடுதான் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு பெண் 32இல் 17ஐக் கழிக்கத் தெரியாமல் நோட்டோடு முழித்தாள். இரண்டிலிருந்து ஏழு போகாது, பக்கத்தில் கடன் வாங்கு என்று நான் ஆரம்பித்தேன். அவளுடைய அம்மா பேசவில்லை. முறத்திலிருந்து பத்துப் பத்துப் பயறாக மூன்று குவியல் வைத்து, இரண்டு பயறைத் தனியே போட்டார். “பதினேழு எடுடீ.” பெண் ஒரு குவியலை எடுத்தாள். ஏழுக்கு வந்ததும் கை நின்றது. “இருக்கிறதுல ஒண்ணைக் கலை” என்றார் அம்மா. கலைத்தாள், சில்லறை பன்னிரண்டாயிற்று. ஏழை எடுத்துவிட்டு, மிச்சத்தைத் தானே எண்ணிப் ‘பதினஞ்சு’ என்று கத்தினாள்.

கிளம்பும்போது அந்த அம்மா கேட்டார்: “கடன் வாங்கறதுன்றீங்களே டீச்சர், யாரும் திருப்பிக் குடுக்கலியே?”

எனக்குப் பதில் தெரியவில்லை. மறுநாள் கரும்பலகையில் ‘கடன் வாங்கிக் கழித்தல்’ என்பதை அழித்துவிட்டு, ‘கலைத்துக் கழித்தல்’ என்று எழுதினேன்.