அழும் பிள்ளையை ஆற்ற வீட்டிலேயே செய்யும் பொருள்கள்: எதை நம்பலாம், எதைத் தொடக் கூடாது

மூன்று வயதுப் பிள்ளை தரையில் விழுந்து புரண்டு அழுகிறது. வீட்டில் ஒருவர் "வாயை மூடு" என்று அதட்டுவார். இன்னொருவர் செல்போனைக் கையில் திணிப்பார். இரண்டிலும் அழுகை நிற்கும். ஆனால் பிள்ளை ஆறியிருக்காது, அடங்கியிருக்கும். கோபத்தையும் ஏமாற்றத்தையும் கட்டுப்படுத்தும் மூளையின் முன்பகுதி இருபது வயதைத் தாண்டியும் வளர்ந்துகொண்டே இருக்கிறது. அதன் வேலையை மூன்று வயதில் எதிர்பார்ப்பது நியாயமே இல்லை. நாம் பிடிவாதம் என்று பேர் வைப்பதில் பெரும்பகுதி அந்த வயதின் இயலாமைதான். செல்போனைப் பொறுத்தவரை, இரண்டு வயது முடியாத பிள்ளைக்குத் திரையே வேண்டாம், அதன் பிறகும் ஐந்து வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்று இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் சொல்கிறது.

அந்த நேரத்தில் பிள்ளைக்குத் தேவைப்படுவது பக்கத்தில் ஒரு பெரியவர், கைக்கு ஒரு வேலை, மெதுவாக வெளியேறும் மூச்சு. இதைப் புரிந்துகொண்ட அம்மாக்களும் அங்கன்வாடிப் பணியாளர்களும் மினுக்குப் பாட்டில், துணிப் பந்து, காற்றாடி என்று செய்து வைத்துக்கொள்கிறார்கள். நல்ல வழிதான். ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. கடைப் பொம்மையைச் சோதிக்கச் சட்டம் இருக்கிறது. 2021 ஜனவரி 1 முதல் 14 வயதுக்கு உட்பட்டவர்களுக்கான பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். வீட்டில் செய்த பொருளைச் சோதிக்க யாரும் வரப்போவதில்லை. செய்தவரேதான் சோதிக்க வேண்டும்.

மினுக்குப் பாட்டிலையே எடுத்துக்கொள்வோம். ஒளி ஊடுருவும் பாட்டிலில் தண்ணீர், கொஞ்சம் திரவப் பசை, ஒரு கரண்டி ஜிகினாத் தூள். குலுக்கினால் எல்லாம் கலங்கி, பிறகு மெல்ல மெல்லக் கீழே இறங்கும். பிள்ளையின் கண் அந்தத் தூளோடு சேர்ந்து இறங்கும்போது மூச்சும் நிதானப்படும். பாட்டில் பிளாஸ்டிக்காக இருக்கட்டும். கண்ணாடி கூடவே கூடாது, கோபத்தில் பிள்ளை முதலில் செய்வது வீசி எறிவதுதான். தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற்றி ஊற்றுங்கள். மூடியைப் பசை வைத்து இறுக்கி, ஒரு நாள் காயவிட்டு, தலைகீழாகக் கவிழ்த்து ஒரு இரவு வைத்துப் பாருங்கள். சொட்டுக்கூடக் கசியக் கூடாது. நிறத்துக்கு பீட்ரூட் சாறு, பழச்சாறு ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். இயற்கையானது என்ற நல்லெண்ணம்தான். ஆனால் மூடி இறுகிய பாட்டிலுக்குள் சாறு புளித்து வாயு சேரும், ஒரு நாள் மூடி தெறிக்கும். குங்குமமும் வேண்டாம், அதில் ஈயம் கலந்திருக்க வாய்ப்புண்டு. உணவு நிறம் ஒரு துளி போதும். பாட்டிலில் சிறு விரிசல் கண்டாலும் குப்பைக்குத்தான்.

துணிப் பந்து இன்னும் எளிது. பழைய பருத்தி வேட்டியில் ஒரு துண்டு, உள்ளே துணி நறுக்குகள், விளிம்பைச் சுற்றி இரட்டைத் தையல். கனம் வேண்டும் என்று அரிசியோ பயறோ போட்டால், அது மூன்று வயது தாண்டிய பிள்ளைக்கு மட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். தைத்து முடித்ததும் இரண்டு கையாலும் பிடித்துப் பலமாக இழுங்கள். நூல் விட்டுக்கொடுத்தால் பிள்ளை கைக்கும் விட்டுக்கொடுக்கும். பலூனுக்குள் மாவு நிரப்பி அழுத்துப் பந்து செய்யும் முறை இப்போது பரவலாக இருக்கிறது. அதை நான் பரிந்துரைக்கவே மாட்டேன். கிழிந்த பலூன் துண்டு தொண்டைக்குள் போனால் மூச்சுக்குழாய் வாயில் படலமாக ஒட்டிக்கொள்ளும். எட்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு ஆபத்து என்று அமெரிக்காவில் பலூன் உறையிலேயே அச்சிட வேண்டும்.

பனையோலைக் காற்றாடியை நடுவில் முள் குத்திச் செய்வார்கள். சின்னப் பிள்ளைக்கு முள்ளும் வேண்டாம், குண்டூசியும் வேண்டாம். மெல்லிய காகிதக் கீற்றுகளை ஒரு அட்டைக் குழாயின் விளிம்பில் ஒட்டிக் கொடுத்து, "கண்ணு, மெதுவா ஊது, வாலு ஆடுதா பாரு" என்று சொன்னால் போதும். ஊதுவது என்றாலே நீண்ட வெளிமூச்சு. இதயத்துடிப்பைத் தணிப்பது அதுதான்.

பிசைய மாவு வேண்டுமா, சப்பாத்திக்குப் பிசைந்ததில் ஒரு உருண்டை கிள்ளிக் கொடுங்கள். கெடாமல் இருக்க உப்பை அள்ளிப் போடும் மாவு வேண்டாம். பிள்ளை அதைத் தின்றால் உடலில் உப்பு ஏறி விபரீதமாகும். கோதுமை ஒவ்வாமை உள்ள பிள்ளைக்கு அரிசி மாவு.

இப்போது தொடவே கூடாதவை. முதலில் குன்றிமணி. களிமண் பிள்ளையாருக்குக் கண் வைக்கும் அந்தச் சிவப்பும் கறுப்புமான விதையில் அப்ரின் என்ற கொடிய நஞ்சு இருக்கிறது. முழு விதை தெரியாமல் உள்ளே போனால் கெட்டியான ஓடு காப்பாற்றி வெளியே அனுப்பிவிடக் கூடும். ஆனால் மாலை கோக்க ஊசியால் துளையிட்டுவிட்டால், அல்லது பிள்ளை கடித்துவிட்டால், அந்தக் காப்பு போயிற்று. அறிகுறி தெரியவே பல மணி நேரம் ஆகலாம். ஆகையால் விழுங்கியது தெரிந்ததும் மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும், வாந்திக்காகக் காத்திருக்கக் கூடாது.

அடுத்தது, தண்ணீரில் போட்டால் கோலிக்குண்டு அளவுக்கு ஊதும் ஜெல்லி மணிகள். தடவினால் இதமாக இருக்கிறது என்று கிண்ணத்தில் போட்டுக் கொடுக்கிறார்கள். விழுங்கினால் குடலுக்குள்ளும் அவை ஊதும். அடைப்பு எடுக்க வயிற்றைக் கிழித்து அறுவை செய்ய வேண்டி வந்திருக்கிறது. 2023 டிசம்பரில் அமேசான், வால்மார்ட், டார்கெட் மூன்றும் பிள்ளைகளுக்கான இந்த மணிகளை அமெரிக்காவில் விற்பதை நிறுத்தின. ஸ்லைம் செய்ய வீடியோக்கள் சொல்லும் போராக்ஸ் என்பது நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் வெங்காரம்தான். கேரம் பலகையில் தூவும் போரிக் பவுடரும் அதே குடும்பம். இவற்றை இனப்பெருக்கத்துக்குத் தீங்கு செய்யும் பொருள்கள் என்று ஐரோப்பிய ஒன்றியம் வகைப்படுத்தியிருக்கிறது. பிள்ளை கையில் வேண்டாம். மினுக்கு விளக்கு வைத்த பொருளில் பட்டன் பேட்டரி இருக்கும். அது உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டே மணி நேரத்தில் வெந்துபோகும் அளவுக்குப் புண் உண்டாக்கும்.

ஒரு வயது ஆகாத குழந்தைக்குக் கனமான தலையணை, கடுகுப் பை எதையும் தூங்கும்போது வைக்க வேண்டாம். கனம் வைத்த போர்வைகள் கூடாது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி 2022இல் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. நூல், ரிப்பன் எதுவும் ஒரு சாணைத் தாண்டக் கூடாது. அட்டையைச் சுருட்டி 4 செ.மீ. அகலக் குழாய் செய்து, அதற்குள் புகும் எதையும் மூன்று வயது வரை பிள்ளைக்குக் கொடுக்காதீர்கள். பொம்மைகளைச் சோதிக்கும் ஆய்வுக்கூடத்தில் இதற்குப் பயன்படும் உருளையின் விட்டம் 31.7 மி.மீ.தான், வீட்டில் கொஞ்சம் தாராளமாக வைத்துக்கொள்வது நல்லது.

இவ்வளவுக்கும் மீறி நடந்துவிட்டால்? மூக்கிலோ காதிலோ விதை போனால் ஹேர்பின்னால் நோண்டாதீர்கள், காதில் தண்ணீர் ஊற்றாதீர்கள். பயறு ஊறி உள்ளேயே இறுகும். தொண்டையில் அடைத்து இருமவோ அழவோ முடியாமல் தவித்தால், குனிய வைத்துத் தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையால் ஐந்து முறை பலமாகத் தட்டுங்கள். கண்ணுக்குத் தெரியாததை விரல் விட்டுத் தேட வேண்டாம். இன்னொருவர் 108ஐ அழைக்கட்டும். நஞ்சு என்று சந்தேகம் வந்தால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். டெல்லி எய்ம்ஸ் நஞ்சுத் தகவல் மையத்தின் கட்டணமில்லா எண் 1800 116 117. விழுங்கியதுபோலவே இன்னொன்று வீட்டில் இருந்தால் மருத்துவமனைக்கு எடுத்துப் போங்கள், மருத்துவருக்குப் பெரிய உதவி.

மினுக்குப் பாட்டில், துணிப் பந்து போன்றவற்றைச் செய்து விற்கும் பெண்கள் பெருகியிருக்கிறார்கள். அவர்கள் அறிய வேண்டியது: விற்பனைக்கு வந்துவிட்டால் அது சட்டத்தின் பார்வையில் பொம்மை. மத்திய கைவினைப் பொருள் ஆணையரகத்தில் பதிவு செய்த கைவினைஞர் தானே செய்து விற்கும் பொருளுக்கு ஐ.எஸ்.ஐ. கட்டாயத்திலிருந்து விலக்கு உண்டு. பதிவு செய்யாதவருக்கு இல்லை. பதிவு செய்துவிடுவது அவர்களுக்கே பாதுகாப்பு. வாங்குகிறவர்கள் முத்திரையோடு உள்ள உரிம எண்ணை பி.ஐ.எஸ். கேர் செயலியில் தட்டிப் பார்க்கலாம். பொருளால் பிள்ளைக்குக் காயம் என்றால் ரசீது, உறை, புகைப்படம், மருத்துவச் சீட்டு எல்லாவற்றையும் பத்திரப்படுத்தி, நுகர்வோர் உதவி எண்ணான 1915க்குப் பேசுங்கள். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் இழப்பீடு கேட்கலாம். பொருளின் விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை.

எனக்கு மிகவும் கவலை தருவது வேறொன்று. பிள்ளையின் கையில் பாட்டிலைக் கொடுத்து, "இது அடங்கும்வரை மூலையில் உட்கார்" என்று அறைக்குள் விட்டுக் கதவைச் சாத்தினால், அந்தப் பாட்டிலும் பிரம்புதான். பொறுப்பில் இருப்பவர் ஒரு குழந்தைக்குத் தேவையற்ற உடல், மன வேதனை தந்தால் 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 75ஆம் பிரிவில் மூன்று ஆண்டு வரை சிறைக்கு இடமுண்டு. பராமரிப்பு நிறுவன ஊழியர் என்றால் ஐந்து ஆண்டு. மழலையர் பள்ளியில் அப்படி நடப்பது தெரிந்தால் குழந்தைகள் உதவி எண்ணான 1098ஐ அழைக்கலாம், உங்கள் பிள்ளையாக இருக்க வேண்டும் என்பதில்லை.

எதைச் செய்தும் தணியாமல், பிள்ளை தலையைச் சுவரில் மோதிக்கொள்கிறதா? பேசிக்கொண்டிருந்த சொற்களை இழக்கிறதா? பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லையா? இவை கைவேலையில் தீராதவை. அங்கன்வாடிக்கு வரும் பள்ளிச் சிறார் மருத்துவக் குழுவிடம் காட்டுங்கள், அல்லது மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையத்தை நேரில் அணுகுங்கள். அங்கே பரிசோதனைக்கும் பயிற்சிக்கும் கட்டணம் கிடையாது.