சோப்பைத் தின்னும் தண்ணீர்!



மாதம் பிறந்ததும் மளிகை லிஸ்ட் எழுத உட்காருகிறோம். அரிசி, பருப்பு, எண்ணெய் எல்லாம் எழுதி முடித்த பிறகுதான் சோப்பும் சோப்புத் தூளும் ஞாபகம் வரும். எத்தனை எழுதினாலும் இருபதாம் தேதிக்குள் காலி. "சோப்பைத் தேய்க்கிறியா, தின்கிறியா?" என்று வீட்டில் ஒரு கேள்வி வேறு. அதோடு விட்டார்களா? பிள்ளையின் யூனிபார்ம் சட்டை பழுப்பேறினாலும், மாமனார் வேட்டி சாம்பல் பூத்தாலும், "இவளுக்குத் துவைக்கவே தெரியல" என்று பழி நம் தலையில்தான் விடியும்.

எங்கள் கீழப்பழுவூர் பக்கத்துப் பெண்கள் எல்லோருக்கும் இந்தப் பேச்சு பழகிப் போன ஒன்று. ஆனால் சகோதரிகளே, சோப்பைத் தின்பது நாம் இல்லை. நாம் இறைக்கிற தண்ணீர்தான்!

கடல் இருந்த ஊர்

அரியலூர் சீமை முழுக்க சுண்ணாம்புக்கல் பூமி. அதனால்தான் 1979 முதல் அரியலூரில் அரசு சிமென்ட் ஆலை ஓடுகிறது. தனியார் ஆலைகளும் சுற்றிலும் வந்துவிட்டன. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்னால், டைனோசர்கள் வாழ்ந்த காலத்தில், இந்த இடமெல்லாம் கடலாக இருந்ததாம். எங்கள் ஊருக்குப் பக்கத்து வாரணவாசியில் இருக்கும் படிம அருங்காட்சியகத்துக்குப் போனால் கல்லாகிப் போன சிப்பி, நத்தையெல்லாம் பார்க்கலாம். பிள்ளைகளை ஒருமுறை கூட்டிப் போய்க் காட்டுங்கள்.

அந்தச் சுண்ணாம்புதான் மண்ணுக்குள் இறங்கும் மழைநீரில் கரைந்து போர் தண்ணீரில் வருகிறது. கால்சியம், மெக்னீசியம் என்று இந்த உப்புகளுக்குப் பெயர். இவை கூடுதலாக இருந்தால் கடினத் தண்ணீர். நாம் 'உப்புத் தண்ணி' என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். நாக்கில் உப்புக் கரிக்காவிட்டாலும் தண்ணீர் கடினமாக இருக்கலாம். சாதம் வடிக்கும் பானையின் உள்ளே வெள்ளையாகப் படிகிறதே, குழாய் வாயில் கட்டி தட்டுகிறதே, அதுதான் அடையாளம்.

கணக்குப் போட்டுப் பாருங்கள்

சோப்பு தண்ணீரில் பட்டதும் முதலில் அழுக்கிடம் போவதில்லை. இந்தக் கால்சியத்தோடு போய்ச் சேர்ந்து, பால் திரிந்த மாதிரி பிசுபிசுவென்று திரிந்துவிடுகிறது. தண்ணீரில் உள்ள கால்சியம், மெக்னீசியம் எல்லாம் தீர்ந்த பிறகுதான் நுரையே வரும். அதற்கப்புறம் போடுகிற சோப்புதான் அழுக்கை எடுக்கும்.

குடிநீரில் லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை கடினத்தன்மை இருக்கலாம், வேறு வழியில்லாவிட்டால் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்று இந்தியத் தர நிர்ணயம் சொல்கிறது. நடுவே 300 என்று வைத்துக்கொள்வோம். ஒரு பெரிய பக்கெட் 20 லிட்டர். அந்த ஒரு பக்கெட் தண்ணீர், நுரை வருவதற்கு முன்பே சுமார் 35 கிராம் சோப்பை விழுங்கிவிடும். ஐந்து பக்கெட் என்றால் 175 கிராம்! ஒரு சோப்புக் கட்டியே போயிற்று. துணியில் இருந்த அழுக்கோ அப்படியேதான் இருக்கும்.

திரிந்து போன அந்தப் பிசுக்கு சும்மா போவதில்லை. துணி இழைக்குள் புகுந்து உட்கார்ந்துகொள்கிறது. வெள்ளை பழுப்பாவதும், துண்டு சொரசொரவென்று ஆவதும், கலர்ச் சேலை மங்கித் தெரிவதும் இதனால்தான். அது தெரியாமல் இன்னும் சோப்புப் போட்டு, இன்னும் ஓங்கி அடித்துத் துவைக்கிறோம். சோப்பும் போச்சு, துணியும் கிழிந்தது, இடுப்பும் ஒடிந்தது.

ஒரு சின்னச் சோதனை

இரண்டு கண்ணாடி பாட்டில் எடுங்கள். ஒன்றில் மழைத் தண்ணீர், இன்னொன்றில் உங்கள் வீட்டுத் தண்ணீர். பாதி அளவு ஊற்றினால் போதும். குளியல் சோப்பைச் சீவி இரண்டிலும் ஒரே அளவு போட்டு, மூடிக் குலுக்குங்கள். மழைத் தண்ணீர் நுரைத்துப் பொங்கும். மற்றது கலங்கிப் போய், மேலே திப்பி மிதந்தால் உங்கள் வீட்டுத் தண்ணீர் கடினத் தண்ணீர். (சலவை டிடர்ஜென்ட் கட்டியில் இந்தச் சோதனை சரியாகத் தெரியாது.) சரியான அளவு தெரிய வேண்டுமானால், குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கட்டணம் கட்டிப் பரிசோதிக்கலாம்.

முதலில் தண்ணீரைத் துவையுங்கள்!

இதற்கு மருந்து சலவை சோடா. மளிகைக் கடையில் குறைந்த விலைக்குக் கிடைக்கும். நம் பக்கத்துச் சலவைத் தொழிலாளர்கள் அந்தக் காலத்தில் உவர்மண்ணில் துணியை நனைத்து வெள்ளாவி வைத்தார்களே, அந்த உவர்மண்ணில் இருந்ததும் இதே சோடாச் சத்துதான். எந்த சோப்புக் கம்பெனியும் வருவதற்கு முன்னால் அவர்கள் கண்ட வித்தை அது.

ராத்திரி படுக்கப் போகுமுன் ஒரு பக்கெட் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் சலவை சோடாத் தூளைத் தலை தட்டிப் போட்டு, நன்றாகக் கலக்கி மூடி வையுங்கள். தண்ணீர் ரொம்ப மோசம் என்றால் இரண்டு டீஸ்பூன். காலையில் சுண்ணாம்பு அடியில் படிந்திருக்கும். மேலே தெளிந்த தண்ணீரை மட்டும் மெதுவாகச் சாய்த்து எடுத்துத் துவையுங்கள். 35 கிராம் சோப்பு செய்ய வேண்டிய வேலையை ஆறேழு கிராம் சோடா செய்துவிடும்.

எங்கள் எதிர்வீட்டு அக்கா கேட்டார், "துவைக்கத்தானே நல்ல தண்ணி வேணும்? அலச எந்தத் தண்ணியா இருந்தா என்ன?" அங்கேதான் சூட்சுமம் இருக்கிறது. சோப்போடு இருக்கும் துணியைக் கடினத் தண்ணீரில் முக்கினால், மிச்ச சோப்பு அங்கே திரிந்து துணியிலேயே ஒட்டும். ஆகவே முதல் அலசலுக்கும் இந்தத் தெளிந்த தண்ணீரே வேண்டும். அடுத்த அலசலுக்கு எதுவானாலும் பரவாயில்லை.

சில எச்சரிக்கைகள்:

* சலவை சோடா வேறு, ஆப்ப சோடா வேறு. டப்பாவில் பெயர் எழுதி, சமையலறைக்கு வெளியே, குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.
* பட்டுக்கும் கம்பளிக்கும் சோடா ஆகவே ஆகாது. அவற்றுக்குப் பூந்திக்கொட்டை ஊறிய தண்ணீர்தான் நல்லது.
* கையில் வெடிப்பு இருந்தால் சோடாத் தண்ணீர் எரியும். துவைத்து முடித்ததும் கைகழுவி, தேங்காயெண்ணெய் தடவுங்கள்.

வானம் தரும் தண்ணீர்

ஐப்பசி, கார்த்திகை மழையில் செலவே இல்லாமல் நல்ல தண்ணீர் கிடைக்கிறது. தமிழ்நாட்டில் 2003-ல் எல்லா வீட்டுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானபோது குழாய் வைத்தோம். அந்தக் குழாய்க்கு அடியில் ஒரு டிரம் வைத்தால் போதும். முதல் மழையில் கூரைத் தூசி போகட்டும். அதற்கப்புறம் பிடிப்பதை மூடி வைத்து, வெள்ளைத் துணிக்கும் பட்டுக்கும் பயன்படுத்துங்கள். மூடாமல் வைத்தால் கொசு வந்துவிடும், ஜாக்கிரதை.

கட்டியா, தூளா?

1959-ல் சர்ஃப் வந்ததும், 1969-ல் ஆமதாபாத்தில் கர்சன்பாய் படேல் நிர்மா தூளைக் குறைந்த விலையில் விற்க ஆரம்பித்ததும் நம் சலவையையே மாற்றிவிட்டன. டிடர்ஜென்ட் தூள் கடினத் தண்ணீரில் சோப்பு மாதிரி திரிந்து போகாது. பல தூள்களில் சோடாவும் சேர்ந்தே இருக்கும். ஆகவே தூள் போட்டுத் துவைப்பவர்கள் தனியாக சோடா சேர்க்க வேண்டியதில்லை. ஆனால் 'நிறையப் போட்டா நிறைய வெளுக்கும்' என்பது தப்பு. கூடுதல் தூள் அலசலில் போகாமல் துணியிலே தங்கி, அழுக்கை இழுத்துப் பிடிக்கும். அலசத் தண்ணீரும் கூடுதலாக வேண்டும். அரை மணி நேரம் ஊறினால் போதும். ராத்திரி முழுக்க ஊறப்போட்டால் சாயம் போகும், வாடை வரும். வாஷிங் மெஷின் வைத்திருப்பவர்களும் கையால் அள்ளிப் போடாமல் அளந்து போடுங்கள்.

லாரிப் புழுதி

எங்கள் ஊர் ரோட்டில் சுண்ணாம்புக்கல் லாரியும் சிமென்ட் லாரியும் ஓயாமல் போகும். ஆலை வேலைக்குப் போய் வருகிறவர்களின் துணியை அப்படியே தண்ணீரில் போடாதீர்கள். சிமென்ட் தூள் நனைந்தால் பிடித்துக்கொள்ளும், கையையும் அரிக்கும். வெளியில் நின்று காற்று போகும் பக்கமாக நன்றாக உதறிவிட்டு, தனியாக நனையுங்கள்.

முதலில் வெள்ளை, பிறகு கலர், கடைசியில் வேலைத் துணி, கால்மிதி. இந்த வரிசையில் துவைத்தால் ஒரே சோப்புத் தண்ணீர் மூன்றுக்கும் வரும். காலர், கைமடிப்பு, சேலைக் கரை ஆகிய இடங்களில் மட்டும் பிரஷ் போடுங்கள். கடைசி அலசல் தண்ணீரைத் தென்னைக்கு விடலாம்.

கறைகள்

* மஞ்சள் கறையில் சோப்புப் பட்டதும் சிவக்கும். பயப்படாதீர்கள். அலசி வெயிலில் காயப்போட்டால் மங்கிப் போகும்.
* ரத்தக் கறைக்குப் பச்சைத் தண்ணீர்தான். வெந்நீர் பட்டால் கறை உறைந்துவிடும்.
* துருக் கறைக்கு எலுமிச்சைச் சாறும் உப்பும் தடவி வெயிலில் வைத்து அலசுங்கள். கலர்த் துணியானால் ஓரத்தில் சோதித்துப் பாருங்கள்.
* ஆண்டிமடம், ஜெயங்கொண்டம் பக்கத்துச் சகோதரிகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. முந்திரிப் பழச் சாறும் வாழைக் கறையும் காய்ந்துவிட்டால் போவது கஷ்டம். தோப்பு வேலைக்கென்று ஒரு பழைய சேலை வைத்துக்கொள்வதே புத்திசாலித்தனம்.

காயப்போடுவதும் மடித்து வைப்பதும்

வெள்ளைக்கு நல்ல வெயில், கலருக்கு நிழல். கலர்த் துணியை உள்பக்கம் வெளியே வருமாறு திருப்பிக் கொடியில் போடுங்கள். ரோட்டோரக் கொடி வேண்டாம், கொல்லைப்புறம் கட்டுங்கள். புதுக் கைத்தறிச் சேலையை முதல் தடவை தனியாக, ஒரு கைப்பிடி கல்லுப்புப் போட்ட தண்ணீரில் அலசுங்கள். உப்பு சாயத்தை நிரந்தரமாகக் கட்டாது. முதல் தடவை அதிகம் வழியாமல் பார்த்துக்கொள்ளும். கஞ்சி போட்ட சேலையை மாதக்கணக்கில் பீரோவில் வைத்தால் பூச்சி அரிக்கும். நாள்பட வைப்பதைக் கஞ்சி இல்லாமல் துவைத்து வையுங்கள். பட்டைப் பழைய வேட்டித் துணியில் சுற்றி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்றுங்கள். இல்லாவிட்டால் மடிப்பிலேயே இற்றுப் போகும்.

ஒரு வருஷம் உடுத்த வேண்டிய யூனிபார்மை ஆறு மாதத்தில் வெளுத்துக் கிழிய விட்டால், அடுத்த ஆறு மாதத்துக்கு யார் பணம் தருவார்கள்? ஒரு சம்பளத்தில் ஓடும் குடும்பத்தில் மிச்சமாகும் ஒவ்வொரு சோப்புக் கட்டியும் பிள்ளைக்கு ஒரு நோட்டுப் புத்தகம். நம் கையும் இடுப்பும் அதைவிட விலை கூடியவை. அடுத்த முறை யாராவது "துவைக்கத் தெரியல" என்று சொன்னால் சண்டை போடாதீர்கள். அந்த இரண்டு பாட்டிலையும் எடுத்து அவர்கள் கையில் கொடுத்து, "நீங்களே குலுக்கிப் பாருங்க" என்று சொல்லுங்கள்.

– ஒரு வாசகி, கீழப்பழுவூர்.