வணிகப் படிப்புக்கு இடம் கிடைக்குமா? கணக்குப் போட்டுப் பார்ப்போம்



எஸ்.டி.பி.எம். முடிவு வெளிவந்தவுடன் நம் தோட்டத்து வீடுகளில் இரண்டு விதமான பேச்சு எழும். "நம் பிள்ளை நன்றாகத்தான் எடுத்திருக்கிறது, கட்டாயம் இடம் கிடைத்துவிடும்" என்பது ஒன்று. "நமக்கெல்லாம் எங்கே கொடுக்கப் போகிறார்கள்?" என்பது மற்றொன்று. முதல் பேச்சை நம்பியவர்கள் ஏமாந்திருக்கிறார்கள். இரண்டாவதை நம்பியவர்கள் விண்ணப்பமே செய்யாமல் விட்டிருக்கிறார்கள். இரண்டுமே கணக்குப் பார்க்காத பேச்சு. கணக்கியல், வணிக நிர்வாகம் போன்ற போட்டி மிகுந்த படிப்புகளுக்கு அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்குமா என்பதை வீட்டிலேயே ஓரளவு கணித்துப் பார்க்கலாம். அது எப்படி என்பதை இன்று காண்போம்.

முதலில் பார்க்க வேண்டியது தகுதி. எஸ்.பி.எம். தேர்வில் மலாய் மொழியில் சிறப்புத் தேர்ச்சி வேண்டும். வரலாற்றுப் பாடத்தில் தேர்ச்சி வேண்டும். மூயெட் என்னும் ஆங்கிலத் தேர்வையும் எழுதியிருக்க வேண்டும். இவற்றோடு ஒவ்வொரு படிப்பும் தனக்கென்று சில நிபந்தனைகளை வைத்திருக்கும். கணக்கியலுக்குப் பெரும்பாலும் கணிதத்தில் நல்ல தேர்ச்சி கேட்பார்கள். இவற்றில் ஒன்று குறைந்தாலும், மற்றப் பாடங்களில் எவ்வளவு எடுத்திருந்தாலும் பயனில்லை. ஆனால் ஒன்றை மறந்துவிடக் கூடாது. தகுதி இருப்பது வாசலுக்குள் நுழைய மட்டுமே உதவும். உள்ளே நாற்காலி கிடைப்பது போட்டியைப் பொறுத்தது.

போட்டியில் நாம் எங்கே நிற்கிறோம் என்பதைக் காட்டுவது 'மெரிட்' மதிப்பெண். 2002-ஆம் ஆண்டு முதல் நம் நாட்டு அரசாங்கப் பல்கலைக்கழகங்களில் இந்த முறை நடைமுறையில் இருக்கிறது. மொத்தம் 100 மதிப்பெண். அதில் 90 பரீட்சைக்கு. 10 புறப்பாட நடவடிக்கைக்கு.

பால் ஸ்டோரில் எடை போடுவதை நினைத்துப் பாருங்கள். வாளி நிறைந்திருக்கிறதா என்பது மட்டும் கணக்கல்ல. அந்தப் பாலில் ரப்பர் எவ்வளவு என்பதையும் பார்த்துத்தான் எழுதுகிறார்கள். அதுபோலத்தான் இதுவும். "எத்தனை ஏ?" என்று கேட்டு நிறுத்திவிடாமல், மெரிட் எத்தனை என்று கேட்கப் பழக வேண்டும்.

ஒரு மாணவிக்கு நான்கு பாடங்களில் இரண்டு ஏ, ஓர் ஏ மைனஸ், ஒரு பி பிளஸ் என்று வைத்துக்கொள்வோம். ஏ என்றால் 4.00; ஏ மைனஸ் 3.67, பி பிளஸ் 3.33. கூட்டினால் 15. நான்கால் வகுத்தால் சராசரிப் புள்ளி 3.75. இதை 4-ஆல் வகுத்து 90-ஆல் பெருக்கினால் 84.38 வரும். இதுதான் பரீட்சைக்குரிய பங்கு.

இப்போது புறப்பாடத்திற்கு வருவோம். அம்மாணவி சாரணர் இயக்கத்திலும் தமிழ்மொழிக் கழகத்திலும் விளையாட்டிலும் ஒழுங்காகக் கலந்துகொண்டு 8 மதிப்பெண் பெற்றிருந்தால் மெரிட் 92.38. அதே பரீட்சை முடிவைப் பெற்ற வேறொரு மாணவி, பள்ளி முடிந்ததும் நேராக வீடு திரும்பி 3 மதிப்பெண் மட்டும் பெற்றிருந்தால் அவளுக்கு 87.38. ஒரே பரீட்சை முடிவு. ஐந்து மதிப்பெண் இடைவெளி. ஒரு பாடத்தில் ஏ மைனஸ் முழு ஏ ஆக உயர்ந்தால்கூட, கூடுவது 2 மதிப்பெண்ணுக்கும் குறைவுதான் என்பதை எண்ணிப் பாருங்கள்.

தோட்டத்துப் பிள்ளைகள் இழப்பது பெரும்பாலும் இந்த ஐந்தைத்தான். பிற்பகலில் தங்கினால் திரும்பிவர பஸ் இல்லை. வீட்டில் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். இந்தச் சிரமம் உண்மையானது. ஆகையால், "விளையாடப் போகாதே, படி" என்று சொல்வதற்கு முன் பெற்றோர் சற்று யோசிக்க வேண்டும். அண்டை வீட்டாரோடு சேர்ந்து வாரத்தில் ஒரு நாள், இரண்டு நாள் பிள்ளைகளை அழைத்துவர ஏற்பாடு செய்தால், அதுவும் படிப்புக்குச் செய்யும் உதவியே.

அடுத்தது ஒப்பிட்டுப் பார்ப்பது. யு.பி.யு. விண்ணப்ப இணையத்தளத்தில் ஒவ்வொரு படிப்புக்கும் சராசரி மெரிட் மதிப்பெண் கொடுக்கப்பட்டிருக்கும். முன்பு இடம் பெற்றவர்களின் சராசரி அது. ஒரு படிப்பின் சராசரி 90 என்று வைத்துக்கொண்டால், 92 பெற்றவருக்கு நல்ல நம்பிக்கை உண்டு. ஆனால் உறுதி இல்லை. ஏனெனில் விண்ணப்பம் செய்பவர்கள் ஆண்டுதோறும் மாறுகிறார்கள். 88 பெற்றவருக்கு வழி அடைபட்டுவிடவும் இல்லை. சராசரி என்றாலே அதற்குக் கீழே உள்ளவர்களும் இடம் பெற்றிருக்கிறார்கள் என்றுதானே பொருள்?

ஆதலால் விண்ணப்பத்தில் எல்லாத் தேர்வுகளையும் ஒரே உயரத்தில் வைக்காதீர்கள். நம் மதிப்பெண்ணுக்குச் சற்று மேலான படிப்புகள் சில, சமமானவை சில, எளிதில் எட்டக்கூடியவை சில என்று கலந்து எழுதுங்கள். மலாயாப் பல்கலைக்கழகம் ஒன்றுதான் பல்கலைக்கழகம் என்று எண்ண வேண்டாம். கெடா மாநிலத்துச் சிந்தோக்கில் இருக்கும் உத்தாரா மலேசியப் பல்கலைக்கழகம், நிர்வாகத் துறைக் கல்விக்கென்றே 1984-இல் தொடங்கப்பட்டது. பினாங்கிலும் பாங்கியிலும் உள்ள அரசாங்கப் பல்கலைக்கழகங்களிலும் இத்துறைப் படிப்புகள் உண்டு. சில படிப்புகளுக்கு நேர்முகத் தேர்வு உண்டு; அந்த நாளைத் தவறவிடக் கூடாது. இடம் கிடைக்காவிட்டால் மேல்முறையீடு செய்யவும் வழி இருக்கிறது. செலவை நினைத்துத் தயங்குகிறவர்களுக்கு, 1997-இல் அமைக்கப்பட்ட பி.டி.பி.டி.என். கல்விக் கடனுதவி இருக்கிறது.

நேயர்களே, இன்றிரவு பிள்ளையை அருகில் உட்காரவைத்து, ஒரு தாளில் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஆறாம் படிவத்தில் இப்போதுதான் சேர்ந்திருக்கும் பிள்ளையானால் இன்னும் நல்லது; குறைவதைக் கூட்டிக்கொள்ள அவகாசம் இருக்கிறது. பெற்றோருக்கு எழுதப் படிக்கத் தெரியாவிட்டாலும் பாதகமில்லை. "உன் மெரிட் எத்தனை, கேட்பது எத்தனை?" என்று கேட்டாலே போதும். பிள்ளை கணக்குப் போடத் தொடங்கிவிடும்.