இருவர் மிதிக்கும் சைக்கிள்



பார்வையற்றவர் சைக்கிள் பந்தயத்தில் கலந்துகொள்வது எப்படி என்று நீங்கள் வியக்கலாம். டேண்டம் என்னும் நீண்ட சைக்கிளில், பார்வையுள்ள துணைவர் முன்னே அமர்ந்து ஹேண்டில்பாரைத் திருப்புகிறார்; பார்வையற்ற வீரர் பின்னே அமர்கிறார். இருவருடைய பெடல்களையும் சங்கிலி இணைப்பதால் அவை ஒன்றாகவே சுழலும். பின்னிருப்பவர் தளர்ந்தால் வேகமும் குறையும். வளைவோ மேடோ வருமுன் முன்னவர் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

ஸ்காட்லாந்து வீரர் நீல் ஃபாச்சி, பரம்பரை விழித்திரை நோயால் பார்வை குன்றியவர். 2008இல் பெய்ஜிங் பாராலிம்பிக்கில் ஓடினார், பதக்கம் கிடைக்கவில்லை. சோர்ந்துபோகாமல் டேண்டமுக்கு மாறி, 2012இல் லண்டனில் பார்னி ஸ்டோரியுடன் தங்கம் வென்றார். 2021இல் டோக்கியோவில் மாட் ராதர்ஹாமுடன் 1,000 மீட்டரை 58.038 வினாடிகளில் கடந்து மீண்டும் தங்கம் பெற்றார். துணைவருக்கும் பதக்கம் உண்டு.

பார்வையிழந்தவர்களைத் தேற்றுவதோடு நாம் நின்றுவிடலாகாது. அவர்களுடைய பலத்துக்கும் இடம் கொடுப்போமாக.