பழைய ஜீப்பும் புதிய பிக்கப் வண்டியும்

பண்ணை வேலைக்கு மோட்டார் வண்டி வாங்க எண்ணும் நிலச்சுவான்தார்கள் வேகத்தையும் தோற்றத்தையும் மட்டும் கருதுதல் போதாது. எவ்வேலைக்கு எவ்வண்டி ஏற்றது என்பதை முன்னதாக ஆராய்தல் அவசியம். இதன்பொருட்டு வில்லிஸ் சி.ஜே.2ஏ என்னும் பழைய ஜீப்பும், இக்காலத்து டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப் வண்டியும் ஈண்டு ஒப்பிடப்படுகின்றன.

இரண்டாம் உலக யுத்தத்தில் சேனைகளுக்கு உழைத்த ஜீப்பை, அமெரிக்காவில் டொலீடோ நகரத்து வில்லிஸ்-ஓவர்லாண்டு கம்பெனியார் குடியானவர்களுக்கு ஏற்ப மாற்றி 1945 முதல் 1949 வரை செய்து விற்றனர். அதன் பெட்ரோல் யந்திரம் 60 குதிரைச் சக்தி உடையது. வண்டியின் எடை சுமார் 1 டன். யந்திரத்தின் சுழற்சியை வெளியே எடுக்கும் தண்டும், பட்டை மாட்டும் கப்பியும் தனியே விலைக்குக் கிடைத்தன. அவற்றைக்கொண்டு நீர் இறைத்தலும் கதிரடித்தலும் இயன்றன. ஆயினும் எடை குறைவாதலின் ஈரமண்ணில் சக்கரங்களுக்குப் போதிய பிடிப்பில்லை. உழவில் டிராக்டருக்கு அது நிகராகாது.

2020 முதல் பல தேசங்களில் விற்கப்பட்ட 2.8 லிட்டர் ஹைலக்ஸின் டீசல் யந்திரம் 200 குதிரைச் சக்திக்கு மேற்பட்டது. வண்டியின் எடை 2 டன்னுக்கு மேல். பல தேசங்களில் இது ஏறக்குறைய 1 டன் சுமக்க அனுமதி பெற்றது. யுத்தகால ஜீப்போ கால் டன் வகுப்பைச் சேர்ந்தது. ஆகையால் உரமூட்டைகளையும் விளைபொருளையும் தொலைவிலுள்ள சந்தைக்குக் கொண்டுபோகப் பிக்கப்பே சிறந்தது.

வரப்பு கடக்கும்போது நிலைமை மாறும். ஜீப்பின் முன்பின் அச்சுகளுக்கு இடையே 80 அங்குலமும், ஹைலக்ஸில் சுமார் 121 அங்குலமும் உள்ளன. நீண்ட வண்டியின் அடிப்பாகம் மேட்டில் தட்டி நிற்கும்; குறுகிய வண்டி எளிதில் ஏறி இறங்கும், சிறிய இடத்திலும் திரும்பும். மேலும், சுமையற்ற பிக்கப்பின் பின்சக்கரங்கள் சேற்றில் வழுக்கும்.

பழுது பார்த்தலில் ஜீப்பு எளியது. சாதாரண ஆயுதங்களைக் கொண்டே பெரும்பாலும் சீர்செய்யலாம். புதிய வண்டியில் பழுதறிய மின்கருவி வேண்டும். அன்றியும், அதன் புகைவடிகட்டி சூடேறித் தன்னைச் சுத்தம் செய்துகொள்ள அவ்வப்போது நெடுந்தூரம் ஓடவேண்டும். தினமும் குறுகிய தூரமே மெதுவாக ஓட்டின் அது அடைபடும். ஆனால் உயிர்க்காப்பில் பழைய ஜீப்பு மிகவும் பின்தங்கியது. அதில் இருக்கைப் பட்டையோ காற்றுப்பையோ இல்லை. சரிவில் கவிழ்ந்தால் அபாயம் பெரிது.

இரண்டிற்கும் பொதுவான எச்சரிக்கை ஒன்று உண்டு. நான்கு சக்கரங்களுக்கும் விசை கொடுக்கும் நெம்புகோலையோ விசைக்குமிழையோ கெட்டியான உலர்ந்த சாலையில் இயக்கலாகாது. திருப்பங்களில் பற்சக்கரங்கள் இறுகிச் சேதமுறும்.

ஆகவே, சாலைவழியே சுமை ஏற்றுவோரும் குடும்பத்தாரை அழைத்துச் செல்வோரும் பிக்கப்பை வாங்குவதே நலம். பழைய ஜீப்பைத் தோட்டத்துக்குள் மெதுவாக ஓட்டும் துணைவண்டியாக மட்டும் வைத்துக்கொள்ளுதல் தகும்.