எக்ஸ்ரே காணாத ஓதம்

"என் மகளுக்கு வயது 29. விடியற்காலை மூன்று மணிக்கு இடுப்பு வலி தாங்காமல் எழுந்து உட்கார்ந்துவிடுகிறாள். சிசேரியனுக்கு முதுகில் போட்ட ஊசிதான் காரணம் என்கிறார்கள் வீட்டில். எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை. ரத்தப் பரிசோதனையில் ஹெச்.எல்.ஏ. பி27 பாசிட்டிவ். ஆனால், அது ஆண்களுக்கு வரும் முதுகு நோய்தானே?" என்று கேட்டிருக்கிறார் ஒரு வாசகி.

ஊசி போட்ட இடம் சில நாள் வலிக்கலாம். மாதக்கணக்கில் தூக்கத்தைக் கலைக்கும் வலியை அதன் தலையில் கட்ட முடியாது. பி27 மரபணுவோடு தொடர்புள்ள, ஆங்கைலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் என்ற முதுகெலும்பு அழற்சி பெண்களுக்கும் வரும். ஆண்களின் நோய் என்ற பெயரை அதற்கு வாங்கித் தந்ததே எக்ஸ்ரேதான்.

பழைய கதை சுருக்கமாக: 1890களில் பெக்தெரேவ், ஸ்ட்ரும்பெல், பியர் மரி ஆகிய மூன்று மருத்துவர்களும் இந்நோயை விவரித்தார்கள். பத்து ஆண்களுக்கு ஒரு பெண் என்ற கணக்கு வெகுகாலம் புழங்கியது. 1984இல் வந்த திருத்திய நியூயார்க் அளவுகோல், முதுகெலும்பும் இடுப்பெலும்பும் சேரும் இடுப்பு மூட்டின் சிதைவு எக்ஸ்ரேயில் தெரிந்தே ஆகவேண்டும் என்றது. இது போதும்.

இந்த நோயில் என்னை வியக்க வைப்பது எலும்பு கொடுக்கும் பதில். தசைநாண்கள் எலும்பில் பிடிக்கும் இடங்களில் அழற்சி மூள்கிறது. அடியில் மஜ்ஜையில் நீர் கோக்கிறது. வீட்டுச் சுவரில் ஓதம் இறங்குவதை நினைத்துக்கொள்ளுங்கள். முதலில் ஈரம். அப்புறம் காரை உதிர்வதுபோல் எலும்பு அரிபடுகிறது. அரித்த இடத்தில் கொழுப்பு நிரம்புகிறது. அதன் பிறகு உடல் கொத்தனாரை அனுப்புகிறது. புது எலும்பு பூசப்படுகிறது. பூச்சுக்கு மேல் பூச்சு ஏறி, கதவையும் நிலையையும் சேர்த்துப் பூசிவிட்ட வீடுபோல, முள்ளெலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டி மூங்கில்போல் ஆகிவிடுகின்றன.

ஆண் உடலின் கொத்தனார் சளைக்காமல் பூசுகிறார். பெண் உடலில் அவர் கை மெதுவானது, பூச்சும் மெல்லியது. ஓதம் மட்டும் இரு வீட்டிலும் உண்டு. வலியும் காலை விறைப்பும் பெரும்பாலும் ஓதத்தின் வேலை. எக்ஸ்ரேக்கு உதிர்ந்த காரை தெரியும், ஏறிய பூச்சு தெரியும், ஈரம் தெரியாது. எம்.ஆர்.ஐ. நீரில் இருக்கும் ஹைட்ரஜனின் சமிக்ஞையைப் படிக்கிறது. கொழுப்பின் சமிக்ஞையை அடக்கிவிட்டுப் படமெடுத்தால், மஜ்ஜையில் கோத்த நீர் வெள்ளையாய் ஒளிரும். இந்த இடத்தில் ஓதம் என்பது உவமையே அல்ல, நேர்ப்பொருள்.

எக்ஸ்ரேயில் தெரியும் நோயாளிகளை எண்ணினால் இன்றும் ஒரு பெண்ணுக்கு இரண்டு மூன்று ஆண்கள். எக்ஸ்ரேயில் தெரியாத கட்டத்தையும் சேர்த்துத் தேடினால் அந்த இடைவெளி பெரிதும் சுருங்குகிறது. பல ஆய்வுகளைத் தொகுத்த 2017ஆம் ஆண்டுக் கணக்கின்படி, நோய் இன்னதென்று தெரிய ஆண்களுக்குச் சராசரியாக 6.5 ஆண்டுகள், பெண்களுக்கு 8.8 ஆண்டுகள். குதிகால், விலா, கழுத்து என்று பெண்களுக்கு வலி பரவலாக வருகிறது; சோர்வும் அதிகம். ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. அளவு பலருக்கு இயல்பாகவே இருக்கும். அதனால் "உடம்பு பலவீனம்", "மன உளைச்சல்" என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். இது அநியாயம்.

ஓதத்திலும் குழாய்க் கசிவு வேறு, மழை ஈரம் வேறு. கர்ப்பத்தில் தளர்ந்து சுமை தாங்கிய இடுப்பு மூட்டில், நோயே இல்லாத பெண்ணுக்கும் பிரசவத்துக்குப் பின் பல மாதங்கள் நீர் தெரியலாம். ஆகவே எம்.ஆர்.ஐ. படத்தோடு பிரசவத் தேதியும் மருத்துவர் கைக்குப் போகவேண்டும்.

பி27 பரிசோதனையைச் சலுகை விலையில் விற்கும் விளம்பரங்களை நம்பாதீர்கள். அந்த மரபணு ஆறாவது குரோமோசோமில் இருக்கிறது, இருபாலருக்கும் பொது. அதைச் சுமப்பவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு இந்நோய் வருவதே இல்லை. ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன்தான் பெண்ணைக் காக்கிறது என்ற தலைப்புச் செய்திகளையும் நான் ஏற்கவில்லை. வேறுபாடு இல்லாமல் இல்லை: சில சிறிய ஆய்வுகளில் ஐ.எல்-17 என்ற அழற்சிப் புரதம் ஆண்களிடம் கூடுதலாக இருந்தது. டி.என்.எஃப். என்ற இன்னொரு அழற்சிப் புரதத்தைத் தடுக்கும் ஊசிகள் பெண்களிடம் சராசரியாகக் குறைவாகவே பலன் தருகின்றன. ஹார்மோன் மாத்திரை விற்க இதெல்லாம் ஆதாரம் ஆகாது.

அம்மா, உங்கள் மகளை ருமட்டாலஜி மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். படுத்திருந்தால் வலி கூடுகிறதா, எழுந்து நடமாடினால் குறைகிறதா, காலை விறைப்பு அரைமணி நேரத்துக்கு மேல் நீடிக்கிறதா, எத்தனை மாதமாக இப்படி என்பதை எக்ஸ்ரே கவரைப் பிரிப்பதற்கு முன்பே அவளைச் சொல்லச் சொல்லுங்கள்.