வாசலுக்கு வந்த பந்தயமும் சந்தா கேட்கும் பந்தயமும்

பலேர்மோத் துறைமுகத்தில் நாப்போலிக் கப்பல் வந்து சேரும் காலை வேளைகளில், அதன் வயிற்றிலிருந்து கார்களும் லொறிகளும் வரிசையாக இறங்குவதை வேலைக்குப் போகும் வழியில் கண்டிருப்பீர்கள். துறைமுகத்தை அண்டி நிற்கும் மொன்தே பெல்லெக்ரீனோ மலையும் எமக்குப் பழக்கமானதுதான். சைவர், கத்தோலிக்கர் என்ற பேதமில்லாமல் புனித ரொசாலியாவுக்கு நேர்த்தி வைத்து நாம் ஏறும் மலை அது. அதே மலையடிவாரத்துப் பவோரித்தா பூங்காவில் 1937 முதல் 1940 வரை உலகப் புகழ் பெற்ற கார்ப் பந்தயமொன்று நடந்தது என்பது புதிதாக வந்தோரில் எத்தனை பேருக்குத் தெரியும்?

அதன் பெயர் தார்கா புளோரியோ. பலேர்மோவின் பெரும் பணக்காரக் குடும்பமொன்றின் மகன் வின்சென்சோ புளோரியோ தொடக்கி வைத்தது. கப்பல் ஓட்டம், பவிஞானாத் தீவில் சூரை மீன்பிடி, மார்சாலாவில் வைன் என்று அந்தக் குடும்பம் கைவைக்காத தொழில் குறைவு. 1906 மே 6ஆம் திகதி மதோனியே மலை வீதிகளில் 10 கார்கள் புறப்பட்டன. ஏறத்தாழ 446 கிலோமீற்றரை ஓடி முடிக்க, வென்ற அலெசாந்திரோ காஞ்ஞோவுக்கு ஒன்பதரை மணித்தியாலம் பிடித்தது. பவோரித்தா ஆண்டுகளைப் போன்ற சில காலங்கள் தவிர, பந்தயம் பெரும்பாலும் அந்த மலைகளிலேயே நடந்தது. பின்னாளில் ஒரு சுற்று 72 கிலோமீற்றர். செர்தா, கொல்லெசானோ போன்ற ஊர்களின் நடுத்தெருவே பந்தயப் பாதை. மதிலுமில்லை, அரங்குக்குள் அடைபட்ட கூட்டமுமில்லை. சனங்கள் கதிரையை வாசலில் போட்டுக்கொண்டு பார்த்தார்கள், எங்களூரில் தேர் வருவதைப் பார்ப்பது போல. 1928இல் செக் நாட்டுப் பெண்மணி எலிஸ்கா யுன்கோவா இந்த வீதிகளில் ஓடி ஐந்தாவதாக வந்தார்.

1955இல் இது உலக விளையாட்டுக் கார் சம்பியன்ஷிப்பில் இடம்பெற்றது. பலேர்மோவைச் சேர்ந்த நீனோ வக்கரெல்லா 1965, 1971, 1975 ஆகிய ஆண்டுகளில் வென்றார். அவருடைய தொழில் என்ன தெரியுமா? பள்ளிக்கூட அதிபர்! கிராமத்துச் சுவர்களிலே அவர் பெயரை எழுதி வைத்தார்கள்.

துறைமுகத்தருகே நாம் காப்பி குடிக்கும் கடையில் முதியவர் ஒருவர் வருவார். பந்தயப் பேச்சு வந்தால், “பழையபடி வீதியில் ஓட விடவேண்டும், அப்போதுதான் அது பந்தயம்” என்று மேசையில் தட்டுவார். அந்த ஒரு விடயத்தில் நாம் அவரோடு சேரமாட்டோம். பாதுகாப்புக் காரணமாக 1973ஆம் ஆண்டுடன் தார்கா உலகப் போட்டியிலிருந்து நீங்கியது. 1977இல் கார் ஒன்று பாதையை விட்டு விலகி, பார்த்து நின்றோரில் இருவர் இறந்தனர். வேகப் பந்தயம் அத்தோடு முடிந்தது. இலங்கையிலும் 2024 ஏப்ரல் 21இல் தியத்தலாவை பொக்ஸ்ஹில் பந்தயத்தில் இதே போல ஒரு கார் கூட்டத்துக்குள் புகுந்து, ஒரு சிறுமி உட்பட 7 உயிர்கள் போயின. சனத்தைப் பாதையிலிருந்து தள்ளி நிறுத்தியது சரியான வேலை.

ஆனால் சனம் தள்ளி நிறுத்தப்பட்டதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அது காசு. எமது பிள்ளைகள் பள்ளிக்கூடத்தால் வந்து ‘போர்முலா ஊனோ’ என்று கதைக்கிறார்களே, அந்தப் போர்மியூலா வன் சம்பியன்ஷிப்பைத்தான் சொல்கிறோம். இத்தாலியில் 2018 தொடக்கம் அநேகமான பந்தயங்களை நேரடியாகப் பார்க்க ஸ்கை சந்தா கட்டவேண்டும். இலவச அலைவரிசையில் சில மட்டுமே நேரடியாக வரும், மற்றவை பிந்தித்தான். வீட்டு வாடகை, ஊருக்கு அனுப்பும் காசு எல்லாம் போக, வீட்டு வேலைச் சம்பளத்தில் இதற்கு எங்கே மிச்சம்? முடிவை வகுப்பில் கேட்டு அறிந்த பிறகு பிள்ளைக்கு என்ன பந்தயம்? எம்மிடம் பொறுப்பைத் தந்தால் முதல் வேலையாக, ஒவ்வொரு பந்தயமும் நடக்கும் அதே நேரத்தில் இலவசத் தொலைக்காட்சியில் வரவேண்டும் என்று விதி எழுதுவோம். மற்றச் சீர்திருத்தங்கள் பிறகு.

அடுத்தது, பந்தயம் எங்கே நடப்பது என்ற கேள்வி. பெருந்தொகை கட்டக்கூடிய நாட்டுக்கே இடம் என்ற போக்கு வளர்ந்துவிட்டது. 2026 அட்டவணையில் இமோலா இல்லை. டில்லிக்கு அருகே கட்டிய புத்தா ஓடுபாதையில் 2011 முதல் 2013 வரை மூன்றே மூன்று பந்தயங்கள். வரிப் பிரச்சினையோடு நின்றது. அட்டவணையில் நாலில் ஒரு பங்கையாவது கட்டணமின்றி, பழைய பந்தய ஊர்களுக்கும் புதிய நாடுகளுக்கும் சுழற்சி முறையில் கொடுக்கலாம். எண்ணிக்கையையும் குறைக்க வேண்டும். 2024இல் 24 பந்தயங்கள்! ரயர் மாற்றும் தொழிலாளியும் ஒரு வீட்டின் தகப்பன்தான். குடும்பத்தைப் பிரிந்து உழைப்பது என்னவென்று எமக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை.

அணிகளின் செலவுக்கு 2021இல் 145 மில்லியன் டொலர் என்று உச்சவரம்பு வைத்தது நல்ல காரியம். ஆனால் ஓட்டுநர் சம்பளம் அதற்குள் அடங்காது. வரம்பு வருமுன்னரே சிறியவர்கள் விழுந்துவிட்டார்கள். கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் 2011, 2012இல் ஓடிய எச்.ஆர்.ரி. உட்பட, 2010இல் புதிதாகச் சேர்ந்த மூன்று அணிகளும் 2017 பருவம் தொடங்குமுன் மறைந்தன. இன்று ஒரு பிள்ளை சிறு வயதிலேயே கார்ட் வண்டியில் தொடங்க வேண்டும். அதற்கே தகப்பனுடைய சட்டைப்பை காலி. ஒளிபரப்பு வருமானத்தில் ஒரு பங்கை ஒதுக்கி, வசதியற்ற பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்தால் என்ன? பள்ளிக்கூட அதிபர் ஒருவர் உலகத்தை வென்ற ஊரிலிருந்துதான் இதைக் கேட்கிறோம்.

காப்பிக்கடை முதியவருக்கு இவற்றையெல்லாம் எமக்குத் தெரிந்த இத்தாலியனில் சொன்னோம். இலவசத் தொலைக்காட்சி என்றதும் தலையாட்டினார். வீதி விடயத்தில் மட்டும் இன்னும் கோபம்தான்.

ஓய்வுநாளில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போக விரும்புவோர்க்கு: பலேர்மோ மத்திய நிலையத்தில் புகையிரதம் ஏறினால் தெர்மினி இமெரேசே தாண்டிச் செர்தா நிலையம். புறப்படுமுன் நேர அட்டவணையைப் பாருங்கள். அந்தப் பக்கம்தான் பழைய பார்வையாளர் மேடைகள் நிற்கும் ‘புளோரியோபொலி’. கொல்லெசானோவில் தார்கா அருங்காட்சியகம் உண்டு. செர்தா கார்சோபி மொட்டுக்குப் பெயர்போன ஊர். சந்தையில் வாங்கி வந்து தேங்காய்ப்பால் விட்டுக் கறி வைத்துப் பாருங்கள். தார்கா என்ற பெயரில் இன்றும் ரலி நடக்கிறது. அதைப் பார்க்கப் போனால் வளைவின் வெளிப்பக்கம் நிற்காதீர்கள். மேட்டில் ஏறி, பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு பாருங்கள்.